கல்லூரி இடம் மாறியது, பெயர் மாறவில்லை: ஜி.டி. நாயுடுவின் இரண்டாண்டுக் கனவு

கோயம்புத்தூருக்குப் போய் வந்த நம்மவர்கள் அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் என்ற பேருந்து நிறுத்தத்தைப் பார்த்திருப்பார்கள். இறங்கித் தேடினால் அந்தப் பெயரில் கல்லூரி எதுவும் இருக்காது. அதைத் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு.

1893-இல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு தொடக்கப்பள்ளியைத் தாண்டவில்லை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள்தான் அவரைப் பிடித்து இழுத்தது. கோவைக்குப் போய் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்து, காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை; அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டினார். அவர் படித்த கல்லூரி அதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. சவரக் கருவி, 1937-இல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின்மோட்டார், பருத்தி, பப்பாளி ஆராய்ச்சி என்று அவர் கை வைக்காத துறை குறைவு.

பட்டறையில் இளைஞர்களைப் பழக்கிய அனுபவத்தோடு, 1945-இல் நன்கொடை கொடுத்துத் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பள்ளியைப் பாதியில் விட்டவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக அமர்ந்தார்!

தகராறு அங்கேதான் தொடங்கியது. ஒரு பொறியாளரை உருவாக்க நான்கு ஆண்டுகள் எதற்கு என்பது நாயுடுவின் கேள்வி. இயந்திரத்தின் முன்னால் நிறுத்திக் கற்றுக்கொடுத்தால் இரண்டே ஆண்டுகள் போதும், மீதி வீண்செலவு என்பது அவர் கணக்கு. பிள்ளை எப்போது சம்பாதிப்பான் என்று காத்திருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டு என்பது சின்னக் காலமா? எஸ்.பி.எம். முடித்த பிள்ளையைத் தோட்டத்து வீட்டில் வைத்திருக்கும் பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆங்கிலேய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறினார்.

அவர் சொன்னது முழுவதும் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. கணிதமும் அடிப்படை அறிவியலும் அவசரப்படுத்தினால் ஏறாது. நாயுடுவே பல ஆண்டுகள் தட்டித் தடவிக் கற்றவர்தான். ஆனாலும், ஒருமுறைகூடத் திருப்பு உளியைத் தொடாமல் பட்டம் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது, அவரது கோபம் நியாயமாகவே படுகிறது.

கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு மாறியது. இன்று அது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே பொறியியல் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் நாள் காலமானார்.