மன்னர்களுக்கு முன்னே சென்ற நாய்

இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்ட், விக்டோரியா மகாராணியின் மூத்த மகன். 1841-ல் பிறந்தார். தாய் நெடுங்காலம் ஆண்டதால், 1901-ல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 59.

மன்னரின் செல்ல நாய் சீஸர். அதைக் குளிப்பாட்டத் தனி சேவகன் உண்டு! மன்னரின் கட்டில் அருகே, சாய்வு நாற்காலியில்தான் அது தூங்கும். வெளிநாட்டுப் பயணத்திலும் கூடவே போகும். அது மன்னருடைய நாய் என்று கழுத்துப் பட்டையில் பொறித்திருந்தார்கள்.

1910 மே 6-ந் தேதி மன்னர் காலமானார். எஜமானைக் காணாமல் சீஸர் ஏங்கியது.

மே 20-ந் தேதி லண்டனில் இறுதி ஊர்வலம். சவப்பெட்டிக்குப் பின்னால் மன்னரின் குதிரை. அதை அடுத்து சீஸர்! ஸ்காட்லாந்துச் சிப்பாய் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். புது மன்னர் ஐந்தாம் ஜார்ஜும், ஜெர்மன் சக்கரவர்த்தியும், மற்ற நாட்டு மன்னர்களும் அதற்குப் பின்னால்தான் குதிரைகளில் வந்தார்கள். பட்டமும் பதவியும் பின்னே வர, பாசம் முன்னே சென்றது.

1914-ல் சீஸரும் இறந்தது. விண்ட்சர் கோட்டை மாதா கோவிலில், மன்னரின் கல்லறை மேல் அவருடைய சிலை படுத்த நிலையில் இருக்கிறது. அதன் காலடியில், கல்லில் வடித்த சீஸர் இன்றும் படுத்திருக்கிறது.