ஜெபமாலையை உருட்டியே திபெத்தை அளந்த வாத்தியார்: யார் இந்த நைன் சிங் ராவத்?

ரஷ்யப் பேரரசு 17-ம் நூற்றாண்டிலேயே சைபீரியாவைக் கடந்து பசிபிக் கடற்கரை வரை போய்விட்டது. 19-ம் நூற்றாண்டில் அதன் பார்வை தெற்கே மத்திய ஆசியா பக்கம் திரும்பியது. 1865-ல் தாஷ்கண்ட் நகரத்தை ரஷ்யப் படை பிடித்தது. ரஷ்யா அடுத்து இந்தியாவுக்கு வந்துவிடுமோ என்று ஆங்கிலேயர்களுக்குப் பயம். ஆனால், இமயமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் திபெத்துக்குச் சரியான வரைபடமே அவர்களிடம் இல்லை. வெள்ளைக்காரர்கள் உள்ளே போகவும் தடை.

யாரை அனுப்புவது?

அப்போது கிடைத்தவர்தான் நைன் சிங் ராவத். 1830-ல் இன்றைய உத்தராகண்டில் உள்ள மிலாம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். திபெத்தோடு வியாபாரம் செய்த சமூகம் என்பதால் அந்த மொழி நன்றாகத் தெரியும். சொந்த ஊரிலேயே பள்ளி ஆசிரியர். 1863-ல் நில அளவைத் துறை அவரை டேராடூனுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தது.

எப்படி அளந்தார்?

மேடோ பள்ளமோ, ஒரே அளவில் அடி வைக்கப் பழகினார். 2,000 அடி வைத்தால் ஒரு மைல். வழக்கமான ஜெபமாலையில் 108 மணி இருக்கும். அவர் மாலையில் 100 மட்டுமே. 100 அடிக்கு ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 5 மைல். கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் கணக்குக் குறிப்புகள். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை வைத்து உயரம் கணக்கிட்டார். பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு யாத்ரீகர் அல்லது வியாபாரி, அவ்வளவுதான். மாட்டினால் தலை தப்பாது.

லாசாவில் என்ன நடந்தது?

1865-ல் நேபாளம் வழியாகக் கிளம்பி, 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். அது ஏற்காட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரம். கடும் குளிரிலும் இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து, நகரம் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டார். நடந்த தூரம் மொத்தம் சுமார் 1,200 மைல்.

ரஷ்யர்கள் முயற்சி செய்யவில்லையா?

செய்தார்கள். புகழ்பெற்ற ரஷ்யப் பயணி பிரஷெவால்ஸ்கி, துப்பாக்கி ஏந்திய கோசாக் வீரர்களோடு 1879-ல் லாசாவை நோக்கி வந்தார். திபெத் அதிகாரிகள் மறித்ததால் திரும்பினார். 1888-ல் இறக்கும் வரை அந்த நகரத்தை அவர் பார்க்கவே இல்லை.

பெயர் கிடைத்ததா?

பாதுகாப்புக்காக நைன் சிங்கின் பெயர் பல வருஷம் வெளியே சொல்லப்படவில்லை. அறிக்கைகளில் அவர் வெறும் 'பண்டிட்'. 1874-ல் லேயில் இருந்து லாசா வழியாக அஸ்ஸாம் வரை இன்னொரு நீண்ட நடை. உடம்பும் பார்வையும் கெட்டதோடு அவரது பயணங்கள் முடிந்தன. 1877-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 2004-ல்தான்.

திபெத்தை உலக வரைபடத்தில் சரியான இடத்தில் வைத்ததில் பெரும் பங்கு இந்த மலைக் கிராமத்து வாத்தியாரின் கால்களுக்குத்தான்.