வெள்ளியை ஊரிலேயே நிறுத்தியவர்

நம் மலரில் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னாங்க. நம்ம நாட்டுத் தலைவர்களைப் பத்தி மத்தவங்க எழுதுவாங்க. நான் மெக்சிகோ நாட்டில் வெள்ளி நகைத் தொழிலைத் தூக்கி நிறுத்திய வில்லியம் ஸ்ப்ராட்லிங் பத்தி எழுதுகிறேன். நான் படிச்சது பத்தாவதுதான். ஆனாலும் இவர் கதை நமக்கு ரொம்பத் தேவையானது.

அவர் 1900இல் அமெரிக்காவில் பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கட்டடக்கலை ஆசிரியராக இருந்தார். 1929இல் அதை விட்டுட்டு மெக்சிகோவில் டாஸ்கோ என்ற மலையூரில் குடியேறினார். அந்த ஊரில் வெள்ளிச் சுரங்கம் உண்டு. ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்து தோண்டின வெள்ளியெல்லாம் கட்டி கட்டியாக வெளியே போயிடும். ஊருக்குள்ள பேர் சொல்ல ஒரு நகைத் தொழில் கிடையாது. நம்ம ஊர்க் கடலை மூட்டை மூட்டையா லாரி ஏறிப் போகுதே, அதே மாதிரிதான்.

1931இல் அவர் ஒரு சின்னப் பட்டறை போட்டார். அவர் பொற்கொல்லர் இல்லை, படம் வரைகிறவர். அதனால பக்கத்து ஊரான இகுவாலாவிலிருந்து ஆர்ட்டெமியோ நவரெட்டே என்ற பொற்கொல்லரை வரவழைச்சார். உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்துத் தொழில் பழக்கினார். ஐரோப்பா மாதிரியைப் பார்த்துச் செய்யவில்லை. மெக்சிகோவின் பழங்காலச் சிற்பங்களில் இருந்த பாம்பு, பறவை, ஜாகுவார் புலி உருவங்களை எடுத்து, புதுமாதிரியான காப்பும் அட்டிகையும் செய்ய வைச்சார். வெள்ளியோடு செவ்வந்திக்கல்லும் மரமும் சேர்த்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாச் சரக்கு வரத்து நின்னதும் அமெரிக்கக் கடைகள் இவரிடம் வாங்கின. பட்டறையில் சில நூறு பேர் வேலை பார்த்தாங்க. தொழிலைப் பெருக்கப் பணம் வேணும்னு பங்குகளை வெளியாளுக்கு வித்தார். பெரும்பங்கு கைமாறினதும் அதிகாரமும் போச்சு. தான் தொடங்கின கம்பெனியை விட்டே அவர் வெளியேற வேண்டியதாச்சு. கொஞ்ச காலத்தில் அந்தக் கம்பெனியும் நொடிஞ்சு போச்சு.

ஆனா ஊர் நொடிக்கவில்லை. காரணம், அவரிடம் இருந்தவங்க அதுக்கு முன்னாடியே சொந்தக்காலில் நின்னுட்டாங்க. அன்டோனியோ காஸ்டியோவும் ஹெக்டர் அகிலாரும் 1939இல் தனித்தனிப் பட்டறை தொடங்கினாங்க. 1941இல் அன்டோனியோ பினேடா தொடங்கினார். காஸ்டியோ பட்டறைக்கு மாதிரி வரைஞ்ச மார்கோ என்ற பெண், 1948இல் தனக்கென்று பட்டறை வைத்துப் பேர் வாங்கினார்.

ஸ்ப்ராட்லிங்கும் ஓயவில்லை. ஊருக்கு வெளியே தன் பண்ணையில் மறுபடி பட்டறை வைத்தார். 1967இல் கார் விபத்தில் இறந்தார். இன்றைக்கும் பழைய நகை சேகரிக்கிறவங்க, பின்பக்கம் அவர் முத்திரை இருக்கான்னு திருப்பிப் பார்த்துத்தான் வாங்குறாங்க.

நம்ம கூட்டமைப்பு செக்கு போட முதல் தர்றேன், பாதிக்கு மேல பங்கு கொடுங்கன்னு ஒருத்தர் கேட்டு வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். என் கருத்து இதுதான்: வங்கிக் கடன் வாங்குவோம், வட்டியோடு கட்டி முடிப்போம். பங்கை மட்டும் விடக் கூடாது. செக்கு ஓட்டும் வேலையைக் குழுவுக்கு ரெண்டு பேராவது கத்துக்கணும். கடன் அடைஞ்சிடும் அக்கா, கத்துக்கிட்ட தொழில் நம்மகிட்டயே நிக்கும்.