ஈரலில் மருந்து தேடியவர்

குட்டீஸ், அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம், தொழிற்சாலைகள் சூழ்ந்த வல்லம் வடகாலில் படித்தாலும், வேறு எந்த ஊரில் படித்தாலும் அதே மாத்திரைதான். அதில் இரும்போடு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் இருக்கிறது. அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னையில் டாக்டருக்குப் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திராவில் உள்ள அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் வறுமை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரர் ஆகிவிடலாம் என்று சிறுவயதில் வீட்டை விட்டே ஓடினார்! வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். மெட்ரிகுலேஷன் தேர்விலும் இரண்டு முறை கோட்டை விட்டார். அம்மா வெங்கம்மா அசரவில்லை. நகைகளை விற்றுச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறை தேறினார். அடுத்து மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்திஜியின் அழைப்பை ஏற்று, கதர் உடையில் அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கைநழுவிப் போய், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. அண்ணனும் தம்பியும் எட்டே நாள் இடைவெளியில் இறந்து போனார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. குடல் கெட்டு, சாப்பிட்டதன் சத்து உடம்பில் சேராது. ஓயாத வயிற்றுப்போக்கு, புண்ணான நாக்கு, ரத்தசோகை... ஆள் எலும்பும் தோலுமாகி விடுவார். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். செலவுக்குப் பணம் வேண்டுமே! இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவினார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு, ஆராய்ச்சி.

அந்தக் காலத்தில் விஞ்ஞானிகள் பலர் விலங்குகளின் ஈரலில் பி வைட்டமின்களைத் தேடினார்கள். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த அமெரிக்க ஏழைகளை பெல்லக்ரா என்ற நோய் வாட்டியது. வெயில் பட்ட தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், புத்தி தடுமாறும். நியாசின் என்ற பி3 வைட்டமின் குறைவதே காரணம். ஈரலில் கிடைத்த நியாசின் அதைக் குணப்படுத்தும் என்பது 1937-ல் வெளிச்சத்துக்கு வந்தது. (நிலக்கடலை, மீன், இறைச்சியில் நியாசின் நிறைய உண்டு.)

சுப்பாராவும் ஈரலை விடவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஈரல், கீரை, பயறுகளில் இருக்கும் சத்துதான் அது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது உடம்பில் புது ரத்தம் ஊறியது! யானைக்கால் நோய்க்கான மாத்திரை, ரத்தப் புற்றுநோய்க்கான முதல் மருந்துகளில் ஒன்று என அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வரிசையாக வந்தன.

1948-ல் இன்னொன்றும் வந்தது. அங்கே பணியாற்றிய டக்கர் என்ற முதியவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து கண்டுபிடித்த ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்து அதுதான். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுப்பாராவ் நியூயார்க்கில் மாரடைப்பால் காலமானார். வயது 53. அமெரிக்கா போன பிறகு ஒருமுறைகூட அவர் ஊர் திரும்பவில்லை.

இன்று வெப்ப நாடுகளில் ஸ்ப்ரூ வந்தவர்களுக்கு டாக்டர்கள் சில மாதங்கள் இரண்டு மருந்துகள் தருகிறார்கள். ஒன்று ஃபோலிக் அமிலம். மற்றொன்று டெட்ராசைக்ளின்.