ரெனே கோசினி

ரெனே கோசினி (ஆகஸ்ட் 14, 1926 - நவம்பர் 5, 1977) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த வரைகதை எழுத்தாளரும் இதழாசிரியரும் ஆவார். ஓவியர் அல்பேர் உடெர்சோவுடன் இணைந்து ஆஸ்ட்ரிக்ஸ் வரைகதைத் தொடரை உருவாக்கியவர். வரைகதையில் ஓவியருக்கு இணையான படைப்பாளியாக எழுத்தாளரும் மதிக்கப்படுவதற்கு வழிவகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமைக் காலம்

பாரிசில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை போலந்தைச் சேர்ந்த வேதிப் பொறியாளர். 1928 இல் குடும்பம் அர்ஜென்டினாவின் தலைநகர் புவனெஸ் ஐரிசுக்குக் குடிபெயர்ந்ததால், அங்கிருந்த பிரெஞ்சுப் பள்ளியில் கல்வி கற்றார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட உறவினர் சிலர் நாசிகளின் யூதப் படுகொலையில் உயிரிழந்தனர். 1943 இல் தந்தை இறந்தபின் கணக்கர் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1945 இல் தாயுடன் நியூ யார்க் சென்றார். அங்கு வறுமையில் வாழ்ந்த காலத்தில் ஹார்வி கர்ட்ஸ்மன், பெல்ஜிய ஓவியர் மோரிஸ் ஆகியோரின் நட்பைப் பெற்றார்.

எழுத்தாளர் உரிமை

தொடக்கத்தில் கோசினி தாமே படம் வரைந்தார். 1951 இல் உடெர்சோவைச் சந்தித்த பின்னர் படிப்படியாக எழுத்தையே தமது துறையாகக் கொண்டார். அக்காலத்தில் கதை எழுதுபவருக்குத் தனி மதிப்போ பெயர்க் குறிப்போ பெரும்பாலும் அளிக்கப்படவில்லை. 1955 முதல் மோரிசின் லக்கி லூக் தொடருக்குக் கோசினி கதை எழுதியபோதிலும், தொடக்க நூல்களின் அட்டையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 1956 இல் படைப்பாளிகளின் உரிமைகளுக்காக ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் ஒன்றுதிரட்ட முயன்றமைக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். உடெர்சோவும் எழுத்தாளர் ஷான் மிஷேல் ஷார்லியேயும் அவருடன் வெளியேறினர்.

எழுதும் முறை

கோசினி கதைச் சுருக்கத்தை மட்டும் ஓவியரிடம் அளிப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, காட்சி விவரிப்பையும் உரையாடலையும் தட்டச்சு செய்து கொடுப்பார். ஓவியருக்கு ஏற்ப நகைச்சுவையின் இயல்பையும் மாற்றிக்கொண்டார். சொம்பேயுடன் சின்ன நிக்கோலா சிறுவர் கதைகளையும், ஷான் தபாரியுடன் 1962 முதல் இஸ்னோகுட் தொடரையும் படைத்தார்.

பிலோத் இதழ்

அக்டோபர் 29, 1959 அன்று பிலோத் வார இதழின் முதல் வெளியீட்டில் ஆஸ்ட்ரிக்ஸ் தொடங்கியது. 1961 இல் முதல் ஆஸ்ட்ரிக்ஸ் நூல் 6,000 படிகள் அச்சிடப்பட்டது. 1965 இல் பிரான்ஸ் ஏவிய முதல் செயற்கைக்கோளுக்கு இப்பாத்திரத்தின் பெயர் சூட்டப்படும் அளவுக்குப் புகழ் வளர்ந்தது. இதழின் ஆசிரியராகக் கோத்லிப், கபு, கிளேர் பிரெத்தேஷே முதலிய ஓவியர்களுக்கு இடமளித்தார். ஆயினும் மே 1968 கிளர்ச்சியின்போது, அவ்விதழின் ஓவியர் சிலர் அவரை முதலாளியின் இடத்தில் வைத்துக் குற்றஞ்சாட்டினர். படைப்பாளிகளின் உரிமைக்காக வேலை இழந்த அவரை இது ஆழமாகப் புண்படுத்தியது. 1974 இல் இதழிலிருந்து விலகினார்.

மறைவு

1977 இல் பாரிசில் மருத்துவச் சோதனைக்காக உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் தமது 51 ஆவது அகவையில் காலமானார். அப்போது பெல்ஜியத்தில் ஆஸ்ட்ரிக்ஸ் என்னும் 24 ஆவது நூலின் ஓவியப்பணி முடிவடைந்திருக்கவில்லை. எஞ்சிய பக்கங்களில் வானம் இருண்டு மழை பெய்வதாக வரைந்து உடெர்சோ நண்பருக்கு அஞ்சலி செலுத்தினார். 1979 இல் அந்நூல் வெளிவந்தது. பின்னாளில் வரைகதை எழுத்தாளர்களுக்கென அவர் பெயரில் பரிசு ஒன்று நிறுவப்பட்டது.

தமிழில்

கோசினி எழுதிய லக்கி லூக் கதைகள் பல, சிவகாசியின் லயன் காமிக்ஸ் வெளியீடுகளாகத் தமிழில் வந்துள்ளன.