மின்சார மோட்டாரும் மைக்கேல் பாரடேயும்

முன்னுரை

வகுப்பறையில் சுவிட்சைப் போட்டதும் மின்விசிறி சுழல்கிறது. வீட்டில் கிரைண்டர் மாவரைக்கிறது. தொழிற்சாலைகளில் சர்வோ மோட்டார்கள் இயந்திரக் கைகளை இம்மியும் பிசகாமல் திருப்புகின்றன. இவற்றுக்கெல்லாம் மூதாதை ஒரு சிறு பாதரசக் கிண்ணம் என்றால் நமக்கு வியப்பாக இருக்கும். அக்கிண்ணத்தில் கம்பியைச் சுழல வைத்தவர் மைக்கேல் பாரடே. அது அவருக்குப் புகழோடு பெரும் பழியையும் தேடித் தந்தது.

வறுமையில் இளமை

இவர் 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனுக்கு அருகில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். தந்தையோ நோயாளி. 1801-இல் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, ஒன்பது வயது மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்குக் கிடைத்தது ஒரே ஒரு ரொட்டிதான். எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14-ஆம் வயதில் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைப் பழகச் சேர்ந்தார். பைண்டு செய்ய வந்த நூல்களையே ஆசிரியராகக் கொண்டார்!

1812-இல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் உதவியாளரானார்.

சுழன்ற கம்பி

மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியை அசைக்கும் என்று 1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். 1821 செப்டம்பரில் பாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, நடுவில் காந்தத்தை நிறுத்தினார். மேலிருந்து தொங்கிய கம்பியின் நுனி பாதரசத்தைத் தொட்டது. பாதரசம் மின்சாரத்தைக் கடத்தும். திரவமாதலால் கம்பியின் ஓட்டத்தைத் தடுக்காது. மின்கலத்தை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது! உடனிருந்த மைத்துனச் சிறுவனோடு பாரடேயும் மேசையைச் சுற்றி ஆடினாராம்.

வந்த பழி

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மின்சாரம் பாயும் கம்பியைச் சுழல வைக்க முடியும் என்று முன்னரே எண்ணி, டேவியுடன் சேர்ந்து முயன்று பார்த்தவர் வோலாஸ்டன் என்ற மூத்த அறிஞர். பாரடே அவரைக் காண முயன்றார். அவர் ஊரில் இல்லை. ஆகவே அவர் பெயரைக் குறிப்பிடாமலே தம் கட்டுரையை வெளியிட்டார். பிறர் கருத்தைத் திருடிவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. முப்பது வயது உதவியாளருக்கு நற்பெயரைத் தவிர வேறென்ன சொத்து இருந்தது?

அவர் மறைந்து வாழவில்லை, யாரையும் தூற்றவுமில்லை. நேரே வோலாஸ்டனுக்கே கடிதம் எழுதி விளக்கம் தந்தார். வோலாஸ்டன் எண்ணியதோ கம்பி தன் அச்சிலேயே சுழலும் என்பது. பாரடே காட்டியது வேறு. பெருந்தன்மை மிக்க அம்முதியவர் தாமே வந்து சோதனைகளைப் பார்த்துச் சென்றார்.

ஆயினும், பாரடேயை ராயல் சொசைட்டி உறுப்பினராக்க நண்பர்கள் முன்மொழிந்தபோது, அதன் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். ஏற்றிவிட்ட கையே தடுத்தது! 1824-இல் நடந்த தேர்தலில் எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு. பாரடே வென்றார். அதன் பிறகும் டேவியை மரியாதையுடனேயே நினைவுகூர்ந்தார்.

செயலே விடை

1831-இல் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்சாரத்தையே உண்டாக்கிக் காட்டினார். மோட்டாரில் மின்சாரம் அசைவைத் தந்தது. இப்போது அசைவு மின்சாரத்தைத் தந்தது. இன்றைய மின் உற்பத்தி நிலையங்களின் ஜெனரேட்டர்கள் இத்தத்துவத்தில்தான் இயங்குகின்றன. பழி சொன்ன வாய்கள் தாமே அடைத்துப் போயின.

முடிவுரை

புகழ் வந்தபின் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியே தேடி வந்தது, அவர் ஏற்கவில்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர் சிறுமியருக்கு அறிவியல் சொல்வதில் மகிழ்ந்தார். 1867 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார்.

தோழியரே! நம்மீதும் வீண்பழி விழக்கூடும். அப்போது மூலையில் அழாமல், உரியவரிடம் நேரே சென்று உண்மையைச் சொல்வோம். பிறகு நம் வேலையைத் தொடர்வோம். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி நமக்கு அதை நினைவூட்டட்டும்.