கட்டணத்தை எளிமையாக்கிய ரோலண்ட் ஹில்

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் கடிதம் வந்தால் பல ஏழைக் குடும்பங்கள் மகிழ்வதற்கு மாறாகக் கலங்கின. அக்காலத்தில் அஞ்சல் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே செலுத்தினார். கையில் பணம் இல்லையென்றால், தொலைவில் வேலை செய்யும் மகன் எழுதிய கடிதம்கூடத் திரும்பிப் போய்விடும். இந்த நிலையை மாற்றியவர் சர் ரோலண்ட் ஹில்.

ரோலண்ட் ஹில் 1795ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தின் கிட்டர்மின்ஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் தாமஸ் ரைட் ஹில் பள்ளி நடத்தி வந்தார். குடும்பத்தில் வசதி குறைவு. அஞ்சல்காரர் கதவைத் தட்டினால், கட்டணம் கொடுக்கப் பணம் இல்லாமல் போகுமோ என்று தாயார் அஞ்சுவார். ஒருமுறை அதற்கான காசுக்காகப் பழந்துணிகளை விற்று வரும்படி சிறுவனான ரோலண்டை அனுப்பினார். பணமில்லாத வீட்டுக்குக் கடிதம் எவ்வளவு பெரிய சுமை என்பதை ரோலண்ட் சிறுவயதிலேயே அறிந்துகொண்டார்.

இளம் வயதிலேயே அவர் தந்தையாரின் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார். கணிதத்தில் அவருக்கு ஆர்வம் மிகுதி. பிற்காலத்தில் அஞ்சல் துறையின் கணக்குகளை ஆராய அந்தப் பழக்கம் பெரிதும் உதவியது.

அன்றைய அஞ்சல் கட்டணம் குழப்பம் நிறைந்தது. கடிதம் செல்லும் தொலைவையும் அதிலுள்ள தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு கட்டணம் கணக்கிடப்பட்டது. ஒரு தாளுக்கு ஒரு கட்டணம். இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. உள்ளே எத்தனை தாள்கள் உள்ளன என்பதை அறிய, எழுத்தர்கள் கடிதத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தனர். லண்டனிலிருந்து ஏறத்தாழ 400 மைல் தொலைவிலுள்ள எடின்பரோவுக்கு ஒரு தாள் கடிதம் அனுப்ப ஒரு ஷில்லிங்குக்கு மேல் செலவானது. ஒரு ஷில்லிங் என்பது 12 பென்னி. ஏழைத் தொழிலாளிக்கு அது பெருந்தொகை. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்களோ உறையின்மேல் கையொப்பமிட்டு இலவசமாகவே கடிதம் அனுப்பினர்.

கட்டணம் நியாயமற்றதாக இருந்ததால், மக்கள் அதைத் தவிர்க்கக் குறுக்கு வழிகளைத் தேடினர். செய்தித்தாள்கள் இலவசமாகச் சென்றன. அவற்றில் சில எழுத்துகளுக்குக் கீழே ஊசியால் துளையிட்டுச் செய்தி அனுப்பியவர்கள் உண்டு. சரக்கு மூட்டைகளுக்குள் கடிதங்களை மறைத்து அனுப்பியவர்களும் உண்டு.

ஹில் இந்தச் சிக்கலைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டு செல்வதற்கு மட்டும் ஆகும் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் என்று கண்டறிந்தார். அப்படியானால் மற்றப் பணம் எங்கே போனது? ஒவ்வொரு கடிதத்துக்கும் தொலைவைக் கணக்கிடுவதிலும், வீடு வீடாகச் சென்று பணம் வசூலிப்பதிலுமே உழைப்பு வீணானது. எனவே, தொலைவைப் பார்க்காமல் எடையைக் கொண்டு கட்டணம் வகுக்க வேண்டும் என்றும், அனுப்புபவரே அதை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்றும் அவர் முடிவுக்கு வந்தார். இக்கருத்துகளை 1837ஆம் ஆண்டு ஒரு சிறுநூலாக வெளியிட்டார்.

அஞ்சல் துறையின் உயர் அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. கட்டணத்தைக் குறைத்தால் அரசாங்கத்தின் வருமானம் வீழ்ந்துவிடும் என்றனர். ஆனால், வணிகர்களும் பொதுமக்களும் ஹில்லின் பக்கம் நின்று நாடாளுமன்றத்துக்கு ஏராளமான மனுக்களை அனுப்பினர். 1839ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது. 1840ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. அரை அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 14 கிராம் வரையுள்ள கடிதம், பிரிட்டனில் எந்த ஊருக்குச் சென்றாலும் ஒரு பென்னிதான். முன்கூட்டியே செலுத்தாவிட்டால் பெறுபவர் இரு மடங்கு கொடுக்க வேண்டும். உறுப்பினர்களின் இலவசச் சலுகையும் ஒழிந்தது.

அதே ஆண்டு மே 6ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் உருவம் பொறித்த, பென்னி பிளாக் எனும் கறுப்பு அஞ்சல்தலை பயன்பாட்டுக்கு வந்தது. உலகில் பசையுடன் வெளிவந்த முதல் அஞ்சல்தலை அதுவே. ஓர் அவுன்ஸ் வரையுள்ள கடிதத்துக்கு இரண்டு பென்னி நீல அஞ்சல்தலை இருந்தது. அனுப்புபவர் எடையை அறிந்து, அதற்கு ஏற்ற தலையைத் தாமே தெரிந்தெடுத்து ஒட்டினால் போதும்.

மக்கள் மிகுதியாகக் கடிதம் எழுதத் தொடங்கினர். 1839இல் சுமார் 7 கோடியே 60 இலட்சமாக இருந்த கடிதங்கள், 1840இல் சுமார் 16 கோடியே 90 இலட்சமாக உயர்ந்தன. ஆயினும், அதிகாரிகளின் அச்சமும் முற்றிலும் பொய்யாகவில்லை. அஞ்சல் துறையின் இலாபம் முதலில் வெகுவாகச் சரிந்தது. 1842ஆம் ஆண்டில், ஆட்சி மாறிய பிறகு, ஹில் பதவியை இழந்தார். பின்னர் ஒரு இரயில் நிறுவனத்தின் தலைவராகப் பணியாற்றினார். பொதுமக்களோ அவரை மறக்கவில்லை. நிதி திரட்டி 13,000 பவுண்டு வழங்கிப் பாராட்டினர். 1846ஆம் ஆண்டு அரசாங்கம் அவரை மீண்டும் அஞ்சல் பணிக்கு அழைத்தது. 1854ஆம் ஆண்டில் அவர் அஞ்சல் துறையின் செயலாளரானார்.

அஞ்சல் வளர வளர, எல்லாப் பொருளுக்கும் ஒரே கட்டணம் பொருந்தவில்லை. விலையுயர்ந்த பொருள்களைப் பாதுகாப்பாக அனுப்ப 1841இல் பதிவஞ்சல் வந்தது. அதற்குக் கூடுதல் கட்டணம் ஒரு ஷில்லிங். 1848இல் நூல்களுக்கெனக் குறைந்த கட்டணம் வகுக்கப்பட்டது. 16 அவுன்ஸ் எடையைக் கடிதமாக அனுப்பினால் 32 பென்னி. நூலாக அனுப்பினால் 6 பென்னி மட்டுமே. ஆனால் இச்சலுகைக்கு நிபந்தனை உண்டு. பொதியின் முனைகள் திறந்திருக்க வேண்டும். உள்ளே கடிதம் வைக்கக் கூடாது. குறைந்த கட்டணத்தைப் பெற விரும்புபவர் அதன் விதிக்கும் கட்டுப்பட வேண்டும்.

ஹில்லின் கருத்து கடல் கடந்தும் பரவியது. இந்தியாவில் 1854இல், தொலைவைக் கணக்கிடாமல் எடையைக் கொண்டு கடிதக் கட்டணம் வகுக்கப்பட்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அப்போது இந்திய ஆட்சியின் கீழ் இருந்ததால், அங்கும் இந்திய அஞ்சல்தலைகளே பயன்பட்டன. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் தனி அஞ்சல்தலைகளைப் பெற்றன. சிலாங்கூர் 1891இல் புலி உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. இவற்றை இன்று சேகரிப்பாளர்கள் அரிய பொருள்களாகப் போற்றுகின்றனர்.

ஹில் 1864இல் ஓய்வு பெற்றார். 1874இல் பல நாடுகள் பெர்ன் நகரில் கூடி, பின்னர் உலக அஞ்சல் ஒன்றியம் எனப் பெயர் பெற்ற அமைப்பை நிறுவியதையும் அவர் தம் வாழ்நாளில் கண்டார். 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் காலமானார். அவருடைய உடல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று செலாயாங்கில் வாழும் ஒரு சேகரிப்பாளர், பழைய அஞ்சல்தலைகளைக் கிள்ளானில் உள்ள நண்பருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்ப நினைத்தால், ஹில் காட்டிய வழியையே பின்பற்றுகிறார். முதலில் எடையையும் உறையின் அளவையும் பார்க்கிறார். குறைந்த மதிப்புள்ள தலைகளுக்குச் சாதாரண அஞ்சலே போதும். அரியவை என்றால், கூடுதல் கட்டணம் கொடுத்துக் கண்காணிப்பு எண்ணுடன் கூடிய சேவையைத் தெரிந்தெடுக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, சேகரிப்புத் தலைகள் பொதுவாக விலைபெறும் பொருளாகக் கருதப்படும். ஆகவே, சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, அதற்குரிய வகையில்தான் அனுப்ப வேண்டும். வெறும் கடிதம் என்று எழுதிச் சில ரிங்கிட்டை மிச்சப்படுத்த முயன்றால், பொதி தடுத்து வைக்கப்படலாம். காணாமல் போனால் இழப்பீடு கேட்பதும் கடினம்.

கட்டணம் எல்லாருக்கும் புரியும்படி இருக்க வேண்டும் என்று ஹில் பாடுபட்டார். எளிதில் அறியக்கூடிய கட்டணத்தை நேர்மையாகத் தெரிந்தெடுப்பது அனுப்புபவரின் கடமை. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அஞ்சல் எல்லாருக்கும் பொதுவாகும்.